ஒரு சாண் கண்ணாடி

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீரில் எனக்கு அறவே பிடிக்காதது அந்த மோட்டார் சைக்கிள்தான். அதிலும் அதன் முன்னால் காற்றை மறைக்க நட்டுக்குத்தலாக நின்ற கண்ணாடியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கண்ணாடி என்று எல்லோரும் சொன்னோமே தவிர, அது வெறும் பிளாஸ்டிக். எழுபதுகளின் நடுவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடிய வண்டி வேறு கிடையாது. பொள்ளாச்சியில் ஏதோ ஒரு மில் முதலாளி வண்டியில் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வண்டிக்கும் அது வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்று வரவழைத்து மாட்டினார். ஜாதகம் பார்த்தார்கள், நிலம் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்து ஊற்று எப்படி என்று கூட விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் உயரத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் குட்டை. அது அவர் குற்றமில்லை, நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. ஆனால் வண்டியில் உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடி அவர் தலைக்கு மேல் முக்கால் சாண் உயர்ந்து நிற்கும். அவர் எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதற்குள் பூந்துதான் பார்க்க வேண்டும்.

கண்ணாடியின் மேல் விளிம்பில் வளைவாகச் சிவப்புப் பெயிண்டில், மாப்பிள்ளை வீட்டுக் குலசாமியின் பெயரும் ‘துணை’யும் பெரிய எழுத்தில் இருக்கும். அதை ஒட்டிக் கொஞ்சம் சின்னதாக அப்பாவின் இனிஷியலும் ஊரும். அண்டா, குண்டா, சொம்பு, கும்பா என்று சீர்ப் பாத்திரம் ஒன்று விடாமல் பேர் வெட்டிக் கொடுத்தவர் வண்டியை மட்டும் சும்மா விடுவாரா? பித்தளையில் வெட்டலாம், பிளாஸ்டிக்கில் வெட்ட முடியாது என்று பெயிண்டரைக் கூப்பிட்டு எழுத வைத்தார். எதிரே வருகிறவன் படிக்க வேண்டும் என்பதற்காக வெளிப்பக்கம் எழுதினார்கள். அதனால் ஓட்டுகிறவருக்கு எல்லா எழுத்தும் இடம் வலம் மாறித்தான் தெரியும்.

பாதையில் போகிற வண்டியின் முன்னால் அவ்வளவு உயரத்துக்கு ஒரு பலகையை நட்டால் அதில் என்னவெல்லாம் வந்து விழும் என்று அப்பாவுக்கு யார் சொல்வது? மழை நின்ற சாயங்காலங்களில் ஈசல் அப்பும். சிறகு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாக நசுங்கி, மஞ்சளாய் ஒரு கொழகொழப்பு வழியும். சாணி வண்டி முன்னால் போனால் சக்கரம் தெறிக்கிற சாணி. பஸ் முன்னால் போனால் இன்னும் மோசம். ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற ஜென்மங்களுக்குப் பின்னால் வருகிறவன் மனுசனாகவே தெரியாது. புளிச்சென்று துப்புவார்கள், அது காற்றில் பறந்து வந்து கண்ணாடியில் கோடு கோடாக இறங்கும். அந்தச் சிவப்புக்குள் பாக்குத் துணுக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் உட்கார்ந்து வருவேன். வீடு வந்து சேர்ந்தால் சோறு இறங்காது.

இதையெல்லாம் கழுவுகிற பொறுப்பை என் மாமியார் எடுத்துக்கொண்டார். சாமி பேர் இருக்கிற சாமானை வேலைக்காரி கையில் கொடுக்கலாமா? வெள்ளிக்கிழமை விடிந்தால் வண்டிக்குப் பூசை. பூசைக்கு முன்னால் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரியே சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு, புளியும் வைத்து, அந்தப் பிளாஸ்டிக்கைப் பரபரவென்று தேய்ப்பார். பித்தளை தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். பிளாஸ்டிக் மங்கும். அது ஏன் மங்குகிறது என்று அவருக்குப் புரியவில்லை. அழுக்குப் போகவில்லை என்று நினைத்து அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஒரு வருஷத்தில் அது சோறு வடித்த கஞ்சியை ஊற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் சந்தனம், குங்குமம் வேறு. எழுத்து மட்டும் நன்றாக இருந்தது, ஏனென்றால் எழுத்தின் மேல் அவர் விரல்கூடப் படாது.

இந்த லட்சணத்தில்தான் நாங்கள் வாராவாரம் பொள்ளாச்சிக்குப் போய் வந்தோம். மகளுக்கு அப்போது ஏழு மாதம். பிறந்ததிலிருந்தே நெஞ்சில் சளி, இழுப்பு. பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் தொடர்ந்து ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ் உண்டு. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுக் குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். நான் கேட்டும் பார்த்தேன். “சம்மந்தி அத்தன பெரிய வண்டி குடுத்திருக்க, நீ பஸ்ஸுல போயி எறங்குனா ஊரு சிரிக்காதா அம்மிணி?” என்றார் மாமனார். ஊர் சிரிக்கும் என்பதற்காகக் குழந்தையைக் காற்றில் வைத்துக்கொண்டு போனோம்.

காற்று என்றால் சாதாரணக் காற்றில்லை. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்னை மரத்தையே ஒரு பக்கமாகச் சீவிவிடும். போகும்போது அது முதுகில் தள்ளும், தெரியாது. திரும்பும்போது நேருக்கு நேர் வந்து கண்ணாடியில் மோதும். வளைவு வந்தால் பக்கத்திலிருந்து அடிக்கும். அப்போது அந்தப் பிளாஸ்டிக் முறம் காற்றைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும். மேகம் விலகின சாயங்காலமாக இருந்தால் வெயிலும் நேர் எதிரே இறங்கும். மங்கின கண்ணாடியில் வெயில் பட்டால் ஒரே வெள்ளை, வழி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படி ஒரு சாயங்காலம், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்துகொண்டிருந்தோம். முன்னால் தென்னமட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று, மட்டைகள் பின்னால் நீட்டிக்கொண்டு தரையைப் பெருக்கியபடி போனது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவர் தோளுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்ததால் எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. “ஏனுங்க, வண்டீங்க!” என்று கத்தினேன். அவர் சட்டென்று ஒடித்தார். காற்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சரிந்தது. என் மடியிலிருந்து மகள் போய்விட்டாள்.

எப்படிப் போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் அவளைச் சுற்றியிருந்த துண்டு இருந்தது, அவள் இல்லை. வண்டித்தடத்தில் புழுதி மெத்தைபோலக் கிடந்தது, அதில் குப்புற விழுந்திருந்தாள். தூக்கினபோது வாயில் மூக்கில் எல்லாம் புழுதி, கன்னத்தில் சாணி. அழவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. விரலை விட்டு வாயைத் துடைத்து, முதுகில் தட்டித் தட்டி, அவள் மூச்சை இழுத்து வீறிட்டு அழுதபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வண்டிக்காரர் இறங்கி ஓடிவந்து, “கண்ணு தெரியாதுங்களா உங்களுக்கு? இத்தன மட்டைய ஏத்தீட்டு முன்னால போறன்!” என்று கத்தினார். என் வீட்டுக்காரர் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார். கண்ணாடி உடைந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி அருவருப்பாக என் மனதில் ஒட்டிக்கொண்டது, கழுவினாலும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “அந்தக் கண்ணாடிய வெட்டிக் குட்டையாக்குங்க. இல்லீன்னா நானும் புள்ளையும் இனி அதுல ஏறமாட்டம்.”

மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். “சீர்ல வந்த சாமான். அதுல கைய வெச்சா சம்மந்தி மூஞ்சில கைய வெச்ச மாதிரி ஆயிருமே.”

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “சாமி பேர ரம்பத்துல அறுக்கறதா? நல்லாருக்குது கதை.”

“புள்ள கீழ உழுந்துருச்சுங்க அத்தை.”

“உழுந்துச்சு, ஒண்ணும் ஆகுலயல்ல? தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்கோணும்.”

மகள் நெற்றியில் புடைப்பு வீங்கியிருந்தது. அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அங்கே பேச்செல்லாம் பெயிண்டைப் பற்றித்தான்.

கடைசியில் மாமனாருக்கு ஒரு ஞானம் பிறந்தது. வாயில் இருந்ததை வாசலில் துப்பிவிட்டு, “ஏன்டா, மேல வெட்டுனாத்தான பேரு போகும்? கீழ வெட்டுனா?” என்றார். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. சாமியும் தப்பியது, சம்பந்தியும் தப்பினார், மருமகள் வாயும் அடைபட்டது. சட்டை நீளமாக இருந்தால் கீழே மடித்துத் தைப்பதில்லையா, அது மாதிரி என்று மாமியார் விளக்கம் கூடச் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீ சொன்னதத்தான பண்றோம்!” என்றார் என் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டு விழா. கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மாமனார் கையை விரித்து ஒரு சாண் அளந்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் எடுத்து ஒரு கோடு இழுத்தார். கோடு கோணலாக இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார், அது இன்னும் கோணல். “அறுக்கறப்ப நேராயிரும்” என்றார். கிணற்று மோட்டார் குழாய் அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தார். கட்டில் ஆடியது, கண்ணாடி ஆடியது, அவரும் ஆடினார். வேகமாக அறுத்தால் சீக்கிரம் முடியும் என்று மாமனார் பக்கத்தில் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். வேகமாக அறுத்தால் பிளாஸ்டிக் சூடேறி உருகி, அறுத்த வழியிலேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. பிளேடும் உள்ளே மாட்டிக்கொண்டது. பிளேடைப் பிடுங்கக் கண்ணாடியில் காலை வைத்து மிதித்தார். சாமி பேர் இருக்கிற கண்ணாடியில் கால் வைத்தது எவருக்கும் அப்போது கண்ணில் படவில்லை.

பிளாஸ்டிக் தூள் வாசலெல்லாம் பறந்தது. கை ரோமத்தில், வியர்வையில், மாமனாரின் மீசையில் ஒட்டிக்கொண்டு தட்டினாலும் போகாமல் இருந்தது. அடுப்படியில் குழம்பில் மிதந்தது. நான் அதைக் கீழே ஊற்றினேன், “பருப்பு வெல தெரியுமா?” என்று மாமியார் கேட்டார். இதற்குள் வேறொரு கஷ்டம் வெளிவந்தது. கண்ணாடியின் அடிப்பக்கத்தில்தான் ஹெட்லைட்டுக்காக வட்டமாக வெட்டிவிட்டிருந்தது, கம்பியில் முடுக்குகிற துளைகளும் அங்கேதான் இருந்தன. வெட்டின துண்டோடு எல்லாமே போய்விட்டன. உடனே என் அடுப்பில் பெரிய இரும்பு ஆணி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி எடுத்து வந்து புதுசாகத் துளையும் ஹெட்லைட்டுக்கு வட்டமும் போட்டார்கள். ஆணி இறங்க இறங்கக் கறுப்புப் புகை. செத்த எலியை முடியோடு சுட்டால் வருமே, அப்படி ஒரு நாற்றம். மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் தோட்டத்துக் கடைசி வரைக்கும் போய் நின்றேன். அங்கேயும் வந்தது. குழந்தைக்காக வெட்டுகிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கண்ணாடி வண்டியில் ஏறிவிட்டது. கீழ் விளிம்பு எலி கடித்த சப்பாத்தி மாதிரி இருந்தது. துளையைச் சுற்றி விரிசல், ஹெட்லைட்டைச் சுற்றிக் கருகல். ஆனாலும் மாமியார் கற்பூரம் காட்டினார். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார்.

“எப்பிடிடா இருக்குது?” என்றார் மாமனார்.

“நல்லாருக்குதுங்கப்பா.”

நான் பக்கத்தில் போய், “எதுக்கால என்னங்க தெரியுது?” என்று கேட்டேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எழுத்துத்தான் தெரியுது” என்றார்.

தலைக்கு மேல் இருந்த சாமியை ஒரு சாண் கீழே இறக்கி, சரியாக அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். முன்பு மங்கலாகவாவது ஏதோ தெரிந்தது. இப்போது எதிரே இருப்பது முழுக்கச் சிவப்புப் பெயிண்ட். குனிந்தால் மங்கல், நிமிர்ந்தால் பெயிண்ட். இன்னும் கீழே வெட்டலாம் என்றால் கம்பிக்கு மேல் கண்ணாடி நிற்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர்கள் குரங்குக்கும் கற்பூரம் காட்டினார்கள். இது எல்லாம் தெரிந்தும் ‘நல்லாருக்குதுங்கப்பா’ என்று சொன்ன ஆளைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

ஊசிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. மாமனாரும் மாமியாரும் காலையிலேயே ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். இவர் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு, “பொறப்படு” என்றார். நான் மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து ஆக்ஸா பிளேடை எடுத்தேன்.

“வேண்டா. அம்மா கூப்பாடு போடும்” என்றார்.

“நீங்க அறுக்கறீங்களா, நான் அறுக்கட்டுமா?”

அவர் என்னைத் தடுக்கவில்லை. உதவவும் இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். காலையில் ஒருதரம் குளித்த மனுசர். பின்னால் யாராவது கேட்டால் நான் அங்கே இல்லை என்று சொல்வதற்கு ஒரு குளியல்.

நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. வண்டியில் இருக்கும்படியே, எழுத்துக்குக் கீழே, எழுத்தில் ஒரு கீறல்கூடப் படாமல், நூலை இழுத்துப் பிடித்துக் கட்டி, நூலை ஒட்டியே அறுத்தேன். அவர் அவசரத்தில் அது உருகினதைப் பார்த்திருந்ததால் மெதுவாக இழுத்தேன், நடுநடுவே சொம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டேன். கை வலித்தது. துண்டு கழன்று கையில் வந்தபோது அதில் சாமி முழுசாக இருந்தார். அப்பாவும் முழுசாக இருந்தார். விளிம்பைச் செங்கல்லில் தேய்த்தேன். குளித்துவிட்டு வந்தவர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்கு மேலே அவர் கண் முதன்முதலாக வெளியே தெரிந்தது. அன்று போய் வந்த வழியில் வண்டி ஒரு இடத்திலும் அலையவில்லை. “நல்லாத்தான் தெரியுது” என்று அவரே சொன்னார். அந்த ஒரு நாள் எனக்கு அவர்மேல் பிரியமாகக்கூட இருந்தது.

மாமியார் வந்து பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். “வண்டியில இருந்து சாமிய எறக்கி உட்டுட்டாளே!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வெட்டின துண்டைக் கழுவி, மஞ்சள் பூசி, பூசை மாடத்தில் நிறுத்திப் பூ வைத்தார். மாமனார் என் அப்பாவுக்கு ஆள் விட்டார்.

மறுநாளே அப்பா பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்கு மனதுக்குள் ஒரு தைரியம். பேத்தி ரோட்டில் விழுந்தாள் என்று தெரிந்தால் அப்பா இவர்களை ஒரு பிடி பிடிப்பார், கண்ணாடியும் வேண்டாம் கருமாதியும் வேண்டாம் என்று கழற்றி வீசுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் வரவில்லை. கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மாமியார் அந்தத் துண்டைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் விரல் முதலில் போனது சாமி பேருக்கு அல்ல, தன் இனிஷியலுக்கு. அது சேதமில்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“ஆரு வெட்டுனது?”

“நானுங்கய்யா. புள்ள வண்டியில இருந்து கீழ உழுந்துருச்சுங்க. இவிங்களுக்கு வழியே தெரியலீங்க.”

“அடி பட்டுச்சா?”

“நெத்தி வீங்கிப் போச்சுங்க.”

“வேறொண்ணும் இல்லியே?”

“இல்லீங்க.”

“பொறவென்ன? சாமி பேரு மேல இருந்ததுனாலதான் புள்ள பொழச்சிது. இப்ப அதையும் அறுத்துப் போட்டுட்ட. இனி உழுந்தா ஆரு காப்பாத்துவா?”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரியும். கண்ணாடியால்தான் விழுந்தோம் என்று அந்த வாசலில் என்னைத் தவிர நேரில் அறிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“ஆமாங்க மாமா” என்றார்.

அப்பா கையிலிருந்து அந்தத் துண்டை நான் வாங்கிக்கொண்டேன். வண்டியின் பின் சீட்டில், நான் உட்காருகிற இடத்தில், அதை வைத்தேன். “அப்பிடீன்னா சாமியவே பின்னால உக்கார வெச்சுக் கூட்டீட்டுப் போங்க. காப்பாத்தட்டும். நானும் என்ற புள்ளையும் பஸ்ஸுல போய்க்கறோம்” என்றேன். அப்பா ஓங்கின கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். மாமனார், ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன்.

அடுத்த வாரம் நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஏறும்போது கண்டக்டர், “ஊட்ல வண்டி இல்லீங்களா?” என்று கேட்டார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் என் வீட்டுக்காரர் வண்டியில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார். கண்ணாடி கழுத்து உயரத்துக்குக் குட்டையாக இருந்தது, வழி நன்றாகத் தெரிந்ததால் வேகமாகப் போனார். டாக்டர் வீட்டு வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து காத்துக்கொண்டிருந்தார். மகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.